கரை ஒதுங்கியவர்களும் நமது கடமையும்



2024ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், மூன்று நாள் இடைவெளியில், இந்து சமுத்திரத்தின் இரு இடங்களில் இரு சம்பவங்கள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்பது தெரியவில்லை. இன்று அவற்றைப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது டியாகோ கார்சியா என்ற தீவைப் பற்றியது. கனடாவுக்குப் போகும் எண்ணத்துடன் புறப்பட்ட நம் தமிழ் மக்கள் 89 பேரின் படகு 2021 ஒக்டோபரில் நடுக்கடலில் பழுதடைய, பிரித்தானியக் கடற்படையினர் அவர்களை மீட்டு அத்தீவில் இறக்கினர். அங்கே வேலியிட்ட ஒரு முகாமில், கூடாரங்களில், குழந்தைகளும் பெரியவர்களுமாக மூன்று வருடங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார்கள். 2024 டிசம்பர் 16ஆம் திகதி அப்பிரதேசத்து உச்ச நீதிமன்றம், இம்மக்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் என்று தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்தவர்களில் பெரும்பாலானோர் அம்மாதத்திலேயே பிரித்தானியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். செய்தியறிந்து தமிழர் உள்ளங்கள் குளிர்ந்தன. நியாயந்தான்.

இரண்டாவது நமது வாசலிலேயே நடந்தது. டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் தத்தளித்த ஒரு படகை நம் மீனவர்கள் கண்டார்கள். அதில் இருந்தவர்கள் மியன்மார் நாட்டின் ரொஹிங்கியா மக்கள். நூற்றுக்கு மேற்பட்டோர்; அவர்களுள் இருபத்தைந்து சிறுவர்கள் என்று கடற்படை அப்போது அறிவித்தது. மீனவர்கள் முதலில் கொடுத்தது உணவும் தண்ணீரும். மறுநாள் கடற்படையினர் படகைத் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தனர். ஜமாலியா முஸ்லிம் பாடசாலையில் அம்மக்கள் தங்க வைக்கப்பட்டார்கள். ஊர் மக்கள் உணவும் உடையும் கொண்டு ஓடினார்கள். பின்னர் நடந்தது வேறு. படகோட்டிகள் என்ற சந்தேகத்தில் பன்னிருவர் நீதவான் முன் நிறுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். ஏனையோர் முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் உள்ள விமானப்படை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களைப் பார்க்கச் சென்ற மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளுக்கே முதலில் அனுமதி கிடைக்கவில்லை, பின்னரே கிடைத்தது. அரச தரப்பில் இது ஆட்கடத்தல் விவகாரம் என்று சொல்லப்பட்டது. மியன்மாருக்கே திருப்பி அனுப்புவது பற்றியும் பேசப்பட்டது. அதனை எதிர்த்து முல்லைத்தீவு மக்கள் வீதியில் இறங்கினார்கள்.

டியாகோ கார்சியாவின் வேலியை எண்ணிக் கலங்கிய நாம், கேப்பாப்பிலவின் வேலியை எண்ணினோமா? இன்றைய பாடத்தின் மையக் கேள்வி இதுவே.

1. அகதி என்பவர் யார்?

பலர் இச்சொல்லைப் பொதுவாக வழங்குகிறார்கள். வெள்ளத்தால் வீடிழந்து பாடசாலையில் தங்கியிருப்பவரையும் அகதி என்கிறோம். சட்டத்தில் அதன் பொருள் குறுகியது. 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் சமவாயத்தின்படி, இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியற் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஒன்றினால் துன்புறுத்தப்படுவார் என்ற தகுந்த ஆதாரமுள்ள அச்சத்தினால், தன் நாட்டுக்கு வெளியே வந்து, அந்நாட்டின் பாதுகாப்பை நாட முடியாமல் அல்லது நாட விரும்பாமல் இருப்பவரே அகதி. இவ்வாறு பாதுகாப்புக் கோரி, முடிவுக்காகக் காத்திருப்பவர் புகலிடம் கோருபவர். நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர் இவ்விரு வகையிலும் சேராதவர். பிழைப்புத் தேடி மட்டும் புறப்படுபவரும் அப்படியே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே படகில் இந்த இரு வகையினரும் ஏறியிருக்கலாம். ஒரே மனிதனிடத்திலேயே அச்சமும் வறுமையும் சேர்ந்திருக்கலாம். ஆகவே, முகத்தைப் பார்த்தோ, கடவுச்சீட்டு இல்லாததைப் பார்த்தோ இன்னார் இவர் என்று தீர்மானிக்க முடியாது. தனித்தனியே உட்கார வைத்து, அவரவர் மொழியில் கேட்டு, ஆராய்ந்தே தீர்மானிக்க வேண்டும். புகலிடக் கொள்கையின் அடித்தளம் இந்தக் காது கொடுத்தல்தான். கேளாமல் அனுப்புவது, விசாரியாமல் தண்டிப்பதற்குச் சமம்.

2. ரொஹிங்கியா மக்களுக்கு நேர்ந்தது

மியன்மாரின் மேற்கே அரக்கான் என்று முன்பு வழங்கிய ரக்கைன் மாநிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இவர்கள். 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட இனங்களின் வரிசையில் இவர்களைச் சேர்க்காமல், இவர்களிற் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 2017 ஆகஸ்ட் மாதம் தொடங்கிய இராணுவ நடவடிக்கையில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். இன்று கொக்ஸ் பஸார் பகுதி முகாம்களில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் மூங்கிற் குடிசைகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். இனப்படுகொலைச் சமவாயத்தை மியன்மார் மீறியதாகக் காம்பியா நாடு 2019இல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2020 ஜனவரியில் அந்நீதிமன்றம், இம்மக்களைப் பாதுகாக்க இடைக்கால நடவடிக்கைகளை எடுக்குமாறு மியன்மாருக்குக் கட்டளையிட்டது.

ஒரு சட்டத்தினால் ஒரு சமூகம் முழுவதும் நாடற்றதாகும் கதை நமக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நமது மலையக மக்களுக்குச் செய்தது இதைத்தான். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று தீர்மானித்தபோது, அம்மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களுக்கு முழுமையான தீர்வு வர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே, ரொஹிங்கியரின் கதையை விளங்கிக்கொள்ள நாம் அரக்கானுக்குப் போக வேண்டியதில்லை. ஹற்றனுக்குப் போனாலே போதும்.

3. நாமும் படகேறியவர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் எந்தக் கிராமத்தை எடுத்தாலும், கடல் கடந்து ஓடிய ஒருவரையாவது அறியாத குடும்பம் அரிது. 1983க்குப் பின்னும், 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோதும், நம் மாவட்டத்து மக்கள் காடும் கடலும் கடந்து மண்டபம் முகாமை அடைந்தார்கள். 2006இல் மூதூர் கிழக்கும் சம்பூரும் எரிந்தபோது மீண்டும் ஒரு கூட்டம் மன்னார்க் கரை சென்று இராமேஸ்வரம் சேர்ந்தது. அவ்வருடத்தில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட இலங்கையர் தமிழ்நாட்டில் தஞ்சம் புகுந்தனர். இந்தியாவும் 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் ஒப்பமிடாத நாடே. ஆயினும் வந்தவர்களுக்கு ஒரு கூரையும் பணக்கொடையும் அரிசியும் தந்தது. முகாம் வாழ்வின் குறைகள் ஆயிரம் இருக்கலாம். கரையில் இறங்கவிடாது தள்ளிவிடவில்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இன்னும் தொலைவுக்கும் போனோம். 1986 ஆகஸ்ட் மாதம் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு மீட்டவர் கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிக் கப்பல் தலைவர். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் கூறினார்கள். உண்மையில் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்பது சில நாளில் வெளிப்பட்டது. கனடாவில் ஒரு பகுதியினர் கோபங்கொண்டனர். ஆயினும் அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் நான்சன் விருது கனடிய மக்களுக்கு வழங்கப்பட்டது. ஆனால் மறு ஆண்டே, சீக்கியர் 174 பேர் நோவா ஸ்கோஷியாக் கரையில் இறங்கியதும், பாராளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டுக் கடுமையான சட்டங்கள் கொண்டுவரப்பட்டன. ஒரு நாட்டின் இதயம் விரிவதும் சுருங்குவதும் அடுத்தடுத்த இரு கோடைகளில் நடந்துவிடலாம் என்பதற்கு இது சான்று.

அவுஸ்திரேலியா வேறு வழி சென்றது. 2014 ஜூலையில் நடுக்கடலில் மறிக்கப்பட்ட 41 இலங்கையரை, தூரத்திலிருந்து சில கேள்விகள் கேட்டுவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் கடலிலேயே நமது கடற்படையிடம் ஒப்படைத்தது. அவர்களில் 37 பேர் சிங்களவர், நால்வர் தமிழர். அப்போது நாம் என்ன சொன்னோம்? சரியாக விசாரிக்கவில்லை, இது அநீதி என்றோம். நாம் சொன்னது சரி. அந்த அளவுகோலை இப்போது நம் கையில் எடுத்து நம்மையே அளக்க வேண்டும்.

4. திருப்பி அனுப்பாமை என்ற நெறி

புகலிடச் சட்டத்தின் முதுகெலும்பு, ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்ற நெறி. ‘நாங்கள் 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் ஒப்பமிடவில்லையே, ஆகவே இது எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று சிலர் வாதிடுவார்கள். இலங்கை ஒப்பமிடவில்லை என்பது உண்மை, முடிவு தவறு. சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தை இலங்கை 1994இல் ஏற்றது. சித்திரவதைக்கு உள்ளாகும் ஆபத்து உள்ள நாட்டுக்கு எவரையும் அனுப்பலாகாது என்று அதன் 3ஆம் உறுப்புரை விதிக்கிறது. 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 22ஆம் உறுப்புரை, அகதிச் சிறுவருக்குப் பாதுகாப்பும் உதவியும் அளிக்கக் கடமைப்படுத்துகிறது. படகில் இருந்த இருபத்தைந்து சிறுவருக்கும் அது உரியது.

நமது அரசியல் யாப்பையும் ஒருமுறை நுணுகிப் படியுங்கள். பேச்சுச் சுதந்திரம், தொழில், நடமாட்டம் முதலியவற்றைத் தரும் 14ஆம் உறுப்புரை முதன்மையாகப் பிரசைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சித்திரவதையிலிருந்து விடுதலை தரும் 11ஆம் உறுப்புரையும், சட்டத்தின் முன் யாவரும் சமம் என்னும் 12(1)உம், சட்டப்படியன்றி எவரும் கைதுசெய்யப்படலாகாது, கைதுசெய்யப்படுபவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும் என்னும் 13உம் பிரசை என்று சொல்லவில்லை. ஆள் என்றே சொல்கின்றன. அதாவது, இந்நாட்டின் மண்ணில் கால் வைத்த மனிதன் யாராயினும் அவனுக்கு இவ்வுரிமைகள் உண்டு. கேப்பாப்பிலவு முகாம் வேலிக்குள்ளும் இந்த யாப்பே செல்லும்.

ஆனால், 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தில் அகதிக்கென்று ஓர் இடமில்லை. கொலைக்குத் தப்பி வந்தவரும், விசாக் காலம் முடிந்தும் தங்கியிருக்கும் உல்லாசப் பயணியும் அச்சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே. இந்த வெற்றிடத்தை இத்தனை காலம் நிரப்பி வந்தது 1987இல் இங்கு பணி தொடங்கிய ஐ.நா. அகதிகள் நிறுவனம். அகதி யார் என்று விசாரித்து, வேறொரு நாட்டில் குடியேற்றுவது அதன் வேலையாக இருந்தது. அந்த நிறுவனம் இங்குள்ள தன் பணியைச் சுருக்கிக்கொண்டபின், விசாரிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அரசாங்கத்தின் மேசையில் வந்து நிற்கிறது.

5. நமது நாட்டில் முன்பு நடந்தவை

2017 ஏப்ரல் இறுதியில் காங்கேசன்துறைக் கடலில் 31 ரொஹிங்கியர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் 16 பேர் சிறுவர்கள். ஐ.நா. நிறுவனம் அவர்களைக் கல்கிசையில் ஒரு வீட்டில் தங்க வைத்தது. செப்டம்பர் 26ஆம் திகதி பிக்குமார் சிலரின் தலைமையில் வந்த கூட்டம் அவ்வீட்டைத் தாக்கியது. அகதிகள் பூசா முகாமுக்கு மாற்றப்பட்டார்கள். தாக்கப்பட்டவர்களே முகாமுக்குள் போக நேர்ந்ததைக் கவனியுங்கள்.

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்தது நம்மை இன்னும் நெருக்கமாகத் தொடுவது. நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் வாழ்ந்த பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் பல நூறு பேர் தெருவுக்குத் துரத்தப்பட்டனர். அவர்களில் அஹ்மதியாக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தங்கள் நாட்டில் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடி வந்தவர்களையே இங்கே தீவிரவாதிகள் என்று எண்ணினார்கள். பள்ளிவாசல்களிலும் பொலிஸ் நிலைய வளவிலும் கைக்குழந்தைகளோடு அவர்கள் படுத்துக் கிடந்தார்கள். கட்டுவாப்பிட்டியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும், துயரம் கண்ணை மறைத்தபோது அடி விழுந்தது குற்றமற்றவர் முதுகில்.

6. கேட்கப்படும் கேள்விகள்

‘நாமே ஏழைகள், நமக்கே வழியில்லை’ என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. 2022இன் நெருக்கடியில் நம்மவர்களே தனுஷ்கோடிக்குப் படகேறினார்கள். ஆனால் நம்மிலும் வறிய பங்களாதேஷ் பத்து லட்சம் பேரைத் தாங்குகிறது. நம்மிடம் வந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அவர்களை வேலைசெய்ய அனுமதித்தால், நம் கையை எதிர்பாராமல் தாங்களே உழைத்துச் சாப்பிடுவார்கள். வேலி போட்டு வைத்தால்தான் செலவு.

‘இரக்கம் காட்டினால் கடத்தற்காரருக்குக் கொண்டாட்டம்’ என்கிறார்கள். கடத்தற்காரன் தண்டிக்கப்பட வேண்டியவனே. ஆனால் கடத்தப்பட்டவன் அக்குற்றத்தின் சாட்சி, குற்றவாளியல்லன். படகின் சுக்கானைப் பிடித்தவன் எல்லாம் கடத்தற்காரனும் அல்லன். பயணக் கூலி கொடுக்க வழியின்றி சுக்கான் பிடிக்க ஒப்புக்கொண்டவனும் இருப்பான். அதையும் நீதிமன்றந்தான் ஆராய வேண்டும்.

மூன்றாவது கேள்வி நமது மாவட்டத்தில் உரக்கக் கேட்கப்படுவதில்லை, மெதுவாகப் பேசப்படும். ‘இங்கே ஏற்கனவே காணிப் பிரச்சினை, மூன்று இனத்தவரும் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இதற்குள் இன்னொரு கூட்டமா?’ இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. குடியேற்றங்களால் காணி இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை ஏசிப் பயனில்லை. ஆனால் பதில் தெளிவு. புகலிடம் என்பது குடியேற்றத் திட்டம் அல்ல. உயிராபத்து நீங்கும் வரை, அல்லது வேறொரு நாடு ஏற்கும் வரை தரும் நிழல் அது. நமது காணிக் குறையை அரசாங்கத்திடம் கேட்போம். படகில் வந்த தாயிடம் கேட்க வேண்டாம். ஜமாலியாப் பாடசாலைக்கு உணவு கொண்டுபோனவர்களும், முல்லைத்தீவில் பதாகை ஏந்தி நின்றவர்களும் இன்ன மதத்தவருக்கு என்று எண்ணிச் செய்யவில்லை. அவர்கள் இந்தக் கேள்விக்குச் செயலில் விடை கொடுத்துவிட்டார்கள்.

7. மறைநூலின் ஒளியில்

எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள், ஆகவே அந்நியரை ஒடுக்காதீர்கள் என்பதே இஸ்ராயேலருக்கு இறைவன் கொடுத்த காரணம். ‘இரங்குங்கள்’ என்று மட்டும் அவர் சொல்லவில்லை. ‘நினைத்துப் பாருங்கள்’ என்றார். நினைவிலிருந்தே நீதி பிறக்கிறது. ஏரோதுக்கு அஞ்சி இரவோடிரவாக எல்லை தாண்டிய திருக்குடும்பத்திடமும் அனுமதிப் பத்திரம் இருந்ததாக மத்தேயு எழுதவில்லை. 1952இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், நாடு துறந்தோர் பற்றிய தமது சாசனத்தில் அக்குடும்பத்தையே எல்லா அகதிகளுக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். 2017 டிசம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் டாக்கா நகரில் ரொஹிங்கியர் சிலரைச் சந்தித்து, உலகின் அலட்சியத்துக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

8. செய்யக்கூடியவை

முதலாவது, சட்டம். அகதி யார் என்பதைத் தீர்மானிக்க ஒரு தேசிய நடைமுறை வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சமவாயத்தில் நம் நாடு ஒப்பமிட வேண்டும். வாக்குக் கேட்டு வரும் பாராளுமன்ற உறுப்பினரிடம் இதைக் கேட்பது அரசியல் அல்ல, கடமை.

இரண்டாவது, விருப்பம். ஒருவர் திரும்பிப் போவதாயின் சுய விருப்பத்துடனே போக வேண்டும். இதை நம் ஊர் அனுபவித்து அறியும். 1992இல் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர்கள் கப்பலேற்றப்பட்டபோது, அவர்கள் மனமொப்பித்தான் போகிறார்களா என்று கேட்டு பழ. நெடுமாறன் முதலியோர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். அவ்வருடமே ஐ.நா. நிறுவனம் அவர்களின் விருப்பத்தை விசாரித்தறிய இந்தியா இடங்கொடுத்தது. 1995 வரை ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பினார்கள். வந்தவர்களில் பலர் சொந்தக் கிராமத்துக்குப் போக வழியின்றித் திருகோணமலை அலஸ் தோட்ட முகாமில் காத்துக் கிடந்தார்கள். திரும்புதல் வேறு, வீடு சேர்தல் வேறு என்பதை அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள்.

மூன்றாவது, நாவடக்கம். ‘கள்ளத் தோணி’ என்ற சொல்லை மலையக மக்கள் மேல் எறிந்த காலம் ஒன்று இருந்தது. அது எத்தனை உள்ளங்களைப் புண்படுத்தியது என்பதை அறிவோம். அச்சொல் நம் வீட்டுப் பிள்ளைகள் வாயில் மீண்டும் முளைக்காமல் பார்த்துக்கொள்வது ஒவ்வொரு தாய் தந்தையரின் பொறுப்பு.

திருக்கடலூரிலோ, சல்லியிலோ, கிண்ணியாவிலோ வலை இழுக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள்: கடலில் ஒருவன் தத்தளித்தால் அவன் யார், எந்த ஊர், என்ன மதம் என்று கேட்பீர்களா? முதலில் தூக்கு, பிறகு கேள் என்பார்கள். முள்ளிவாய்க்கால் மீனவர்கள் செய்ததும் அதுவே, நியூபவுண்லாந்தில் டால்ட்டன் செய்ததும் அதுவே. கடலில் உள்ள இந்த நீதி கரையேறியதும் மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வதே புகலிடக் கொள்கையின் முழுப் பொருள்.

சிந்தனைக்கும் கலந்துரையாடலுக்கும்

(1) உங்கள் குடும்பத்தில் அல்லது அயலில், வேறொரு நாட்டில் புகலிடம் பெற்றவர் யார்? அவருக்கு முதலில் கதவு திறந்தவர் யார்?

(2) அகதி, இடம்பெயர்ந்தவர், தொழில் தேடிச் சென்றவர் ஆகிய மூவருக்கும் உள்ள வேறுபாடு யாது? மூவருக்கும் பொதுவான உரிமைகள் யாவை?

(3) நமது யாப்பின் 11, 12(1), 13, 14ஆம் உறுப்புரைகளை வாசித்து, எவை ஆளுக்கு உரியன, எவை பிரசைக்கு உரியன என்று பட்டியலிடுங்கள்.

(4) நாளை மீண்டும் ஒரு படகு நமது துறைமுகத்துக்கு வருமானால், முதல் நாளில் நம் பங்கு செய்ய வேண்டியது என்ன? முப்பதாம் நாளில் செய்ய வேண்டியது என்ன?

நான்காவது வினாவின் பிற்பகுதியைச் சற்று ஆறுதலாகச் சிந்தியுங்கள். முதல் நாளில் சோற்றுப் பொதி கொண்டு ஓடுபவர்கள் நம்மிடையே ஏராளம். முப்பதாம் நாளில் வேலியருகே நின்று, ‘உள்ளே இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள்?’ என்று கேட்பவர்களே குறைவு.